அத்தியாயம் 17: அசல் அலமாரியில் உள்ளது

"எது பாதுகாக்கப்படுகிறதோ, அதுவே வரலாறு. மற்றதெல்லாம் வெறும் சம்பவம்!"

மானுடத்தை நோக்கி விடப்பட்ட இந்தப் பிரகடனத்தைக் காலை ஏழரை மணிக்குக் கேட்கக் கொடுத்துவைத்தது குளியலறைக் கண்ணாடி மட்டும்தான். பிரகடனம் செய்தவரின் இடது காதில் சவர நுரை ஒரு பட்டாணி அளவுக்கு ஒட்டியிருந்தது. கண்ணாடி அதைக் காட்டத்தான் செய்தது. ஆனால், ஆவணக் காப்பகத்தின் இணை இயக்குநர் கண்ணாடி முன் நிற்கும்போது காதைப் பார்ப்பதில்லை. மோவாயைத்தான் பார்ப்பார். மேடையில் எடுபடுவது அதுதான்.

பதினோரு மணிக்கு அவருக்குச் சொற்பொழிவு. தலைப்பு, 'இழப்பில்லா எதிர்காலம்'.

கூடத்தில் வீட்டுக் கணினி உயிர் பெற்றுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அது நீலத் திரையைக் காட்டிவிட்டு மூச்சை நிறுத்தியதைப் போன வாரம் பார்த்தோம். பழுது பார்க்க வந்தவர், "உள்ள இருக்கிற டிஸ்க்கைக் கழட்டி, முடிஞ்ச மட்டும் மீட்டுத் தரேன் சார். நாலு நாள் குடுங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். இணை இயக்குநர் சிரித்தார். "காப்பு நகல் வச்சிருக்கிறவன் எதுக்குய்யா மீட்கணும்? துடைச்சுடு" என்றார். துடைத்தாயிற்று. இப்போது, அவருடைய புகழ்பெற்ற கறுப்புப் பெட்டியிலிருந்து எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

கணினி முன் உட்கார்ந்திருந்தது அவருடைய தங்கை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், மாடி அறையில் குடியிருப்பவள். எலும்பைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால், மேல்பூச்சு எதிலும் அவளுக்கு மரியாதை கிடையாது. வீட்டில் அவளை 'எக்ஸ்ரே' என்றே கூப்பிடுவார்கள்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். இணை இயக்குநரின் மனைவிக்கு வேறு அடையாளங்கள் உண்டு என்றாலும், இந்த வீட்டில் அவளை அன்போடு கூப்பிடுவது நாத்தனார் ஒருத்திதான். ஆகவே நாமும் அண்ணி என்றே சொல்வோம்.

"அண்ணி, நீங்க பின்னாடி நின்னு மூச்சு விட்டா மெஷின் வேகமா ஓடாது."

"நான் மூச்சு விட்டே மூணு நாளாச்சு. எவ்வளவு வந்திருக்கு?"

"எண்பத்தாறு சதவீதம். அண்ணனோட 'உரைகள்' வந்துடுச்சு. 'உரைகள் - வீடியோ' வந்துடுச்சு. 'உரைகள் - திருத்தியவை' வந்துடுச்சு. இது என்ன? 'கைதட்டல் - தனியாக'."

"அதுவும் வந்துடுச்சா?"

"முதல்ல வந்ததே அதுதான்."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபோல்டர். பெயர், 'அடைவு'.

புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதைத் தயாரிப்பதுதான் அண்ணியின் தொழில். பதினான்கு வருடமாகச் செய்கிறாள். சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில், சாப்பாடு இல்லாத வேளைகளில். கணினி கிடைப்பது, இணை இயக்குநர் தம் உரைகளைத் தாமே கேட்டு முடித்த பிறகு.

இந்தத் தடவை புத்தகம் பெரிது. 'நஞ்சும் முதலுதவியும்', எண்ணூற்று நாற்பது பக்கம். குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்று பதறுகிறவர்கள் முன்னுரையைப் படிக்க மாட்டார்கள். கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டுவார்கள். அங்கே 'பேட்டரி, பொத்தான் அளவு: விழுங்கியது 412, மூக்கில் நுழைத்துக்கொண்டது 415' என்று உடனே கண்ணில் படவேண்டும். அப்படி ஆறாயிரத்து நூற்று நாற்பது பதிவுகள். பதினோரு மாத வேலை.

அதை இன்று மூன்று மணிக்குள் பதிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால், பதிப்பகம் புதிதாகத் தொடங்கும் அடைவுப் பிரிவு அண்ணியின் பொறுப்பு. நிரந்தர வேலை. ஜன்னல் ஓரத்தில் ஒரு மேஜை. சாப்பிடுவதற்காக யாரும் எழுப்பிவிடாத மேஜை.

"நூறு" என்றாள் எக்ஸ்ரே.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். எக்ஸ்ரே மேலிருந்து கீழே போனாள். கீழிருந்து மேலே வந்தாள். தேடும் கட்டத்தில் 'அடைவு' என்று அடித்தாள். கணினி கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, எதுவும் இல்லை என்றது.

"இன்னொரு தரம் அடி."

"அண்ணி, அடிச்சா வர்றதுக்கு..."

"அடி."

இன்னொரு தரமும் எதுவும் இல்லை.

இணை இயக்குநர் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தார்.

"வந்துடுச்சா? பாத்தியா! திட்டமிட்ட காப்பு நகல்னா என்னன்னு இப்ப புரியுதா? என் உரைப் படங்கள் மொத்தம் நாற்பத்திரண்டு. சரியா இருக்கா எண்ணிப் பாரு."

"என்னங்க, என் ஃபோல்டர் வரலை."

"எல்லாம் வந்திருக்கும். பொறுமையா தேடணும்."

"தேடியாச்சு அண்ணா" என்றாள் எக்ஸ்ரே. "இல்லை. உன் கைதட்டல் இருக்கு. அண்ணி வேலை இல்லை."

அவர் குனிந்து பார்த்தார். அந்த முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து, பிடிபடுவதற்குள் போயிற்று. நிமிர்ந்தபோது பழைய மோவாய்.

"சரி, ஒரு கோப்புறை வரலைன்னா உலகம் என்ன முடிஞ்சா போச்சு? பதிப்பகம் உனக்கு அனுப்பின அச்சுத்தாள் அலமாரியில இருக்கே. பென்சில்ல கோடு போட்டுத்தானே வச்சிருக்க. அதைப் பாத்துத் திரும்ப அடிச்சா ஆச்சு."

"பதினோரு மாசத்துல அடிச்சதை மூணு மணிக்குள்ளயா?"

"அவகாசம் கேளு. கேட்டா குடுக்கிறதுக்குத்தானே அவகாசம்னு ஒண்ணு வச்சிருக்காங்க."

சொல்லிவிட்டுச் செருப்பு அடுக்கின் பக்கம் போனார், ஷூ போட.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அண்ணிக்கு எரிச்சல். எந்தச் சொல்லை எடுக்க வேண்டும், எதன்கீழ் வைக்க வேண்டும் என்ற முடிவெல்லாம் அந்தத் தாள்களில் பென்சிலால் எழுதியிருந்தது. உட்கார்ந்து அடித்தால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். இரண்டு வாரம் கேட்கலாம். கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.

அவள் அலமாரியைத் திறந்தாள்.

கீழ்த்தட்டு காலியாக இருந்தது. துடைத்துவிட்டதுபோல் சுத்தம். நடுவில் ஒரு சிறிய சீட்டு, நான்கு மூலையும் நேராக ஒட்டப்பட்டிருந்தது. அழகான கையெழுத்து.

'பதிவு எண் 219 காண்க.'

பதிவேட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் ஒரு தாளை அழிப்பதென்றால் அழிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. இணை இயக்குநர் அந்த விதியை வீட்டுக்கும் அமல்படுத்தியிருந்தார். இந்த வீட்டில் பழைய பல் துலக்கிகூடப் பதிவு எண் இல்லாமல் குப்பைக்குப் போனதில்லை. அகலமான கணக்குப் புத்தகம். இடப்பக்கம் பொருள், தேதி, தரம், காரணம். வலப்பக்கம் முத்திரை, ஒப்பம், இன்ன பிற.

எக்ஸ்ரே அதை அவருடைய மேஜையிலிருந்து எடுத்துவந்து, வலப்பக்கத்தைப் பின்னால் மடித்து, சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"இருநூத்துப் பத்தொன்பது. 'பென்சில் குறியிட்ட அச்சுத்தாள்கள், 840. துண்டாக்கி அகற்றப்பட்டது.'" அடுத்த கட்டத்துக்குப் போனாள். "'காரணம்: கணினியில் நகல் உள்ளது.' அண்ணி, பன்னெண்டு நாளுக்கு முன்னாடி."

அண்ணி உட்கார்ந்தாள். நாற்காலி அங்கே இருந்தது அவளுடைய அதிர்ஷ்டம்.

எக்ஸ்ரே விரலை மேலே நகர்த்தினாள். 218, கைப்பிடி உடைந்த குடை. 217, காலுறை ஒன்று, இணை காணவில்லை. 216, காலாவதியான இருமல் மருந்து. 215, சுவர்க்கடிகாரத்தின் வினாடி முள். 214-இல் விரல் நின்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்லை அண்ணி."

"படி."

"'அடைவு என்னும் கோப்புறை காப்பு நகலிலிருந்து விலக்கப்பட்டது. உரைகளின் வீடியோவுக்கு இடம் தேவை. காரணம்: அசல் அலமாரியில் உள்ளது.'"

சுவர்க்கடிகாரம் வினாடி முள் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பேப்பர் இருக்குன்னு கம்ப்யூட்டர்ல எடுத்தாச்சு" என்றாள் எக்ஸ்ரே, கணக்குப் போடுகிறவள் மாதிரி மெதுவாக. "கம்ப்யூட்டர்ல இருக்குன்னு பேப்பரைக் கிழிச்சாச்சு. நடுவுல ஒரு குடை."

அண்ணி எழுந்தாள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு செருப்பு அடுக்குக்குப் போனாள். இணை இயக்குநர் இரண்டாவது ஷூவின் கயிறைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், ஷூ கயிறு கட்டும்போது குனிந்துதான் ஆகவேண்டும்.

"இது என்னங்க?"

அவர் பார்த்தார். படித்தார். தம் கையெழுத்தைத் தாமே மெச்சிக்கொள்வதற்கு இது நேரமில்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"ரெண்டு பதிவும் தனித்தனியா பாத்தா சரிதான்."

"சேர்த்துப் பாத்தா?"

"சேர்த்துப் பாக்கிற நடைமுறை இல்லை."

எக்ஸ்ரே பின்னாலிருந்து, "அண்ணா, இது வீடு" என்றாள்.

"நீ சும்மா இரு. நான் விதிப்படி..."

"செவ்வாய்க்கிழமை கேட்டேன்" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. அதுதான் அவரைக் கயிறை விட்டுவிட்டு நிமிர வைத்தது. "துடைக்கச் சொல்றதுக்கு முன்னாடி, 'என் வேலை அதுல பத்திரமா இருக்கா'ன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"நினைவில்லை."

"'என் மேல நம்பிக்கை இல்லையா'ன்னு கேட்டீங்க. நான் கேட்டதே தப்புன்னு நினைச்சேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுட்டு, உங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்."

"அப்போ எனக்கு அந்தப் பதிவு ஞாபகத்துல இல்லை. இருநூத்திச் சொச்சம் பதிவு. ஒருத்தன் எல்லாத்தையும்..."

"நான் ஆறாயிரத்து நூத்தி நாற்பது வச்சிருந்தேன். எல்லாம் ஞாபகம் இருந்தது."

அவர் குனிந்து, விட்ட கயிறைத் தேடினார்.

"பென் டிரைவ்ல ஒரு காப்பி வச்சிருந்தேன். 'உதிரி நகல் ஒழுங்கீனம்'னு சொல்லி வாங்கிட்டீங்க. அது எங்கே?"

அவர் கை தன்னை அறியாமல் சட்டைப் பையைத் தொட்டது.

"அதுல இப்ப என்ன இருக்கு?"

"இன்னைக்கு உரை" என்றார் இணை இயக்குநர். அவருடைய உரைகளிலேயே மிகச் சன்னமாக ஒலித்தது அதுதான்.

"தரம்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே. உங்க உரைக்கு 'அ'. என் வேலைக்கு என்னன்னு படிங்க."

அவர் வாசலைப் பார்த்தார்.

"'இ'" என்றாள் அண்ணி. "குடைக்கும் 'இ'. காலாவதியான இருமல் மருந்துக்கே 'ஆ'ங்க."

வாசலில் அலுவலகக் கார் ஹாரன் அடித்தது. எந்தக் கார் ஹாரனையும் இணை இயக்குநர் இவ்வளவு நன்றியோடு கேட்டதில்லை.

"சாயங்காலம் வந்து பேசலாம். உணர்ச்சிவசப்படற நேரம் இல்லை இது. இருநூறு பேர் காத்திருப்பாங்க."

காதோரம் நுரை காய்ந்து வெள்ளையாக நின்றது. அண்ணியும் பார்த்தாள், எக்ஸ்ரேயும் பார்த்தாள். இருவருமே சொல்லவில்லை.

கார் போனதும் எக்ஸ்ரே மெதுவாகக் கேட்டாள். "அழறீங்களா அண்ணி?"

"இல்லை. அழுதா அதுக்கும் பதிவு எண் போடுவாரு."

"இப்ப என்ன பண்றது?"

அண்ணி பதிவேட்டைத் துணிப்பைக்குள் வைத்தாள். அது பாதிதான் உள்ளே போயிற்று.

"ஐயோ, அதை எடுக்காதீங்க. 'வெளியே எடுத்துச் செல்லக் கூடாது'ன்னு அட்டையிலேயே போட்டிருக்கு."

"அதான் எடுக்கிறேன். பதிப்பகத்துக்குப் போய் 'கம்ப்யூட்டர் போயிடுச்சு'ன்னா நம்புவாங்களா? அங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைத்தான் சொல்றாங்க. வேலையே செய்யலைன்னு நினைப்பாங்க. இதுல எழுத்துல இருக்கு. எண்ணூத்தி நாற்பது தாள், பென்சில் குறி, தேதி, எல்லாம். நான் செஞ்சேன், அவர் அழிச்சாரு. அவர் கையாலேயே எழுதியிருக்காரு."

எக்ஸ்ரே ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

பதினொன்றேகாலுக்கு, நகரின் வேறொரு மூலையில், இருநூறு நாற்காலிகளும் எழுபது மனிதர்களும் இருந்த அரங்கில் 'இழப்பில்லா எதிர்காலம்' தொடங்கியது. நாற்பத்திரண்டு படங்களும் பிசகில்லாமல் திரையில் வந்தன. கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, இதையெல்லாம் நடைமுறையில், சொந்த வீட்டில், கடைப்பிடிக்க முடியுமா என்று கேட்டார்.

இணை இயக்குநர் தண்ணீர் குடித்தார். பிறகு மோவாயை உயர்த்தினார்.

"என் வீட்டில் இதுவரை ஒரு தாள்கூடப் பதிவில்லாமல் அழிந்ததில்லை!"

கைதட்டினார்கள். அது தனியாகப் பதிவு செய்யப்பட்டது.

பதிப்பாசிரியர் மதியத்துக்குப் பிறகுதான் வருவார் என்று கீழே காத்திருந்துவிட்டு, மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது அண்ணி பதிப்பகத்தின் இரண்டாம் மாடியில் இருந்தாள். ஜன்னல் ஓரத்து மேஜை வந்துவிட்டிருந்தது. அதன்மேல் இருந்த விளக்கின் பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

பதிப்பாசிரியர் அம்மாளுக்கு இரண்டு கண்ணாடிகள், ஒன்று மூக்கில், ஒன்று தலையில். எதிராளி பேசி முடிக்கும்வரை குறுக்கிடாத பழக்கம் உடையவர். அதனாலேயே பலர் அவர் முன்னால் தேவைக்கு அதிகமாகப் பேசி மாட்டிக்கொள்வார்கள். அண்ணி தேவைக்கு மட்டும் பேசினாள். பதிவேட்டைப் பிரித்து, வலப்பக்கம் மடிந்தபடியே, 214-ஐயும் 219-ஐயும் விரலால் காட்டினாள்.

அம்மாள் படித்தார். மறுபடி படித்தார்.

"குடையைப் பதிவு பண்ணியிருக்காரே."

"ஆமா மேடம்."

"உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா மேடம்."

அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷத்துல எனக்கு எல்லாச் சாக்கும் வந்திருக்கு. பதிவு எண்ணோட வந்தது இதுதான் முதல் தடவை. நான் நம்பறேன். நீங்க மாதிரிக்கு அனுப்பின 'அ'விலிருந்து 'ஔ' வரைக்கும் என்கிட்ட இருக்கு. அப்படி வேலை செஞ்சவங்க பொய் சொல்ல மாட்டாங்க. அச்சுத்தாளை மறுபடி எடுத்துத் தரேன். ரெண்டு வாரம். போதுமா?"

"போதும் மேடம்." அண்ணி இப்போது அந்த ஜன்னல் ஓரத்து மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள கமிட்டி உக்காந்திருக்கு. அவங்க ஒண்ணுதான் கேப்பாங்க. ஒரு பிரிவையே ஒப்படைக்கிறோம், இவங்க பக்கம் கவனக்குறைவு ஏதும் இல்லையேன்னு. நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் இந்த நோட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போறேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எக்ஸ்ரே கண்ணாடிக் கதவு வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அண்ணி எழுதினாள். 'மேற்கண்ட இரண்டு நடவடிக்கைகளும் எனக்குத் தெரியாமல், என் சம்மதமின்றி நடந்தவை.' அடித்தல் திருத்தல் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்தின் சுழியை வலப்பக்கமாக இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைப்பது அவள் வழக்கம். வைத்தாள்.

பதிப்பாசிரியர் அம்மாள் தாளை வாங்கி, பதிவேட்டுக்குள் வைப்பதற்காக மடித்திருந்த வலப்பக்கத்தை விரித்தார். வரியை இடமிருந்து வலமாகக் கடைசிவரை படிப்பது அவருக்குத் தொழில்.

நின்றார். தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மூக்குக்கு மாற்றிக்கொண்டார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். பிறகு அதை அண்ணியின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது யாரு?"

முத்திரைக்கும் ஒப்பத்துக்கும் அப்பால், கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. தலைப்பு, 'படித்துப் பார்த்துச் சம்மதித்தவர்'. 214-க்கு நேராகவும் 219-க்கு நேராகவும், நடுவில் குடைக்கு நேராகவும், வலப்பக்கம் இழுத்த சுழியும் அடியில் இரண்டு புள்ளியும் இருந்தன.

அது அண்ணியின் கையெழுத்து. மாதக் கடைசியில் வரி, காப்பீடு என்று இணை இயக்குநர் நீட்டுகிற காகிதங்களோடு சேர்த்து, அடுப்பின் முன்னால், கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, படிக்காமல் போட்டது.